சீசன் நேரத்தில் ஒரு வேலைநிறுத்தம்

மைக்கில் எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னபோது என் வாயில் எலுமிச்சைச் சாதம் இருந்தது.

விருதுநகர் கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே போட்ட பந்தல். மேலே சாமியானா, கீழே ஜமுக்காளம். ஜமுக்காளத்துக்கு அடியில் கிடந்த ஜல்லிக்கல் மூன்று நாளாக என் தொடையைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம். ஆளுக்கொரு பொட்டலம் பிரித்து, ஊறுகாயை மட்டும் வரிசை வரிசையாகக் கைமாற்றிக்கொண்டிருந்தோம்.

எங்கள் சங்கத்தின் வட்டாரச் செயலாளர் தங்கப்பாண்டி சார் எழுந்தார். அவருக்கு மைக் தேவையே இல்லை, ஆனாலும் விடமாட்டார்.

"தோழர்களே! இப்பத்தான் சேதி வந்துச்சு. விஸ்வநத்தத்தைத் தாண்டி ஒரு ஊரு. நம்ம சாந்தி டீச்சர் வேலை பாக்குற ஊரு. அங்க பட்டாசு வேலைக்குப் போற தாய்மாருக எல்லாம் நேத்து ஒண்ணாச் சேந்து பள்ளிக்கூடத்துக்கே போயி, அம்புட்டுப் பிள்ளைகளையும் வெளிய கூட்டிட்டு வந்துட்டாக. இன்னைக்கு ஒரு பிள்ளைகூட வரலை. நம்ம போராட்டத்துக்குப் பெத்தவங்க குடுத்த ஆதரவு தோழர்களே!"

பந்தல் அதிர்ந்தது. "சாந்தி டீச்சர், எந்திரிங்க!" என்றார்கள். எழுந்தேன். சோற்றுக் கையோடு கும்பிட முடியாமல் அசட்டுத்தனமாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன்.

பெருமைப்பட வேண்டிய நேரம்தான். எனக்கு வந்ததோ சந்தேகம்.

ஏனென்றால் போராட்டத்துக்குக் கிளம்பும் முன் நான் மாரீஸ்வரியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். மாரீஸ்வரி எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. பட்டாசு ஆலையில் சரம் பின்னுகிறவர். அவர் மகள் கார்த்திகா நாலாம் வகுப்பு. அன்று அவர் சொன்னது இது:

"நீங்க போங்க டீச்சர். பெரிய டீச்சர் பள்ளிக்கூடத்தைத் தெறந்து வச்சிருப்பாகள்ல? சீசன் நேரம். புள்ளைகளை எங்கன விட்டுட்டுப் போக?"

தீபாவளி நெருங்கும் மாதங்களில் அந்த ஊரில் ஒரு நாள் கூலியை யாரும் யாருக்காகவும் விட மாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் எனக்காகப் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டார்களா? நம்ப ஆசையாக இருந்தது, நம்ப முடியவில்லை.

எதற்காக உட்கார்ந்தோம்

இந்தத் தொடருக்குள் இன்றுதான் நுழைகிறவர்களுக்காக: எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு அறை, இரண்டு டீச்சர். தலைமை ஆசிரியை ஜெயமணியைப் 'பெரிய டீச்சர்' என்பார்கள், என்னைச் 'சின்ன டீச்சர்' என்பார்கள். பெரிய டீச்சர் குற்றாலத்துப் பக்கத்துக்காரர். பதவி உயர்வில் எங்கள் பள்ளிக்கு வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அவரும் நானும் படித்தது ஒரே ஆசிரியர் பயிற்சி. வேலைக்குச் சேர்ந்ததும் ஒரே பதவியில். ஆனால் நடுவில் அரசாங்கம் ஒரு தேதியில் கோடு கிழித்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் சேர்ந்தவர்களுக்கு ஒரு அடிப்படைச் சம்பளம், இந்தப் பக்கம் சேர்ந்த எங்களுக்கு அதைவிட வெகு குறைவு. பிள்ளைகள் என்னவோ அதே பிள்ளைகள்தான். மூக்கும் இருவர் வகுப்பிலும் ஒரே மாதிரிதான் ஒழுகும்.

இது முதல் கோரிக்கை. பள்ளிப் பராமரிப்புப் பணம் காலத்தோடு வர வேண்டும் என்பது இன்னொன்று. பணம் வருடக் கடைசியில் வரும், கூரையோ வருட நடுவில் ஒழுகும். இடையில் சாக்பீசும் பினாயிலும் எங்கள் கைக்காசு.

பெரிய டீச்சர் கோட்டுக்கு அந்தப் பக்கம். போராட்டத்தால் அவருக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. "நீ போயிட்டு வா சாந்தி, பள்ளிக்கூடத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றார். சங்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அது பெரிய நிம்மதி.

காரணம் உண்டு. எங்கள் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். டவுனில் இருக்கும் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் மஞ்சள் வேன் தினமும் காலையில் ஊர் முக்குக்கு வந்து ஆரன் அடித்துக்கொண்டு நிற்கும். இன்னும் கொஞ்சம் பேர் அதில் ஏறினால் எங்கள் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைத்துவிடுவார்கள். பக்கத்து ஊருக்குப் போக, பட்டாசு லோடு லாரிகள் ஓடுகிற பெரிய சாலையைத் தாண்ட வேண்டும். சின்னப் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். முதலில் பள்ளியை விட்டு நிற்கப்போவது பெண் பிள்ளைகள்.

என் சம்பளத்தைக் கேட்கப் போய்ப் பள்ளிக்கூடத்தையே இழந்துவிடக் கூடாது. பந்தலில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் எனக்கு இருந்த பயம் அதுதான்.

அப்பா கேட்ட கேள்வி

என் பிறந்த வீடு விருதுநகர். அப்பாவுக்குப் பருப்புக் கடை. கடையிலிருந்து சாப்பிடப் போகும் வழியில் ஸ்கூட்டரை நிறுத்திப் பந்தலை எட்டிப் பார்ப்பார். முதல் நாளே கேட்டுவிட்டார்.

"ஏம்மா, கடையடைப்புன்னா ஒரு நாளு. மறுநா தெறந்துருவோம். இதென்ன காலவரையற்றதுன்னு? வாடிக்கைக்காரன் அடுத்த கடைக்குப் போயிற மாட்டானா?"

"பள்ளிக்கூடம் கடை இல்லப்பா" என்று எரிந்து விழுந்தேன். எரிந்து விழுந்ததற்குக் காரணம், அவர் மஞ்சள் வேனைப் பார்க்காமலே மஞ்சள் வேனைச் சொல்லிவிட்டதுதான்.

அப்பா படித்தது மகமையில் கட்டிய பள்ளி. விற்கிற ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று வியாபாரிகள் பொதுக்காரியத்துக்கு ஒதுக்கி வைப்பதுதான் மகமை. எங்கள் வீட்டில் தீபாவளியைப் பற்றிப் பேசுவதைவிட அந்தப் பள்ளியைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

"எங்களுக்கு ஓடு ஒடஞ்சா மறுவாரம் ஓடு வந்துரும். எவன்ட்டயும் மனு குடுத்ததில்ல" என்றார்.

"அந்த ஊர்ல யாருப்பா மகமை போடுவா? மூட்டை விக்கிறவுக ஒருத்தரும் இல்ல. வெடி செய்யிறவுகதான் இருக்காக."

அப்பா ஸ்கூட்டரை உதைத்தார். மறுநாள் அவர் கடைப் பையன் ஒரு பெரிய பொட்டலம் காராச்சேவோடு பந்தலுக்கு வந்து, "அண்ணாச்சி குடுக்கச் சொன்னாக" என்றான். தங்கப்பாண்டி சார் அதையும் மைக்கில் அறிவித்தார்: வணிகர்களின் ஆதரவு!

பசை மணம்

கைதட்டு வாங்கிய அன்றே மதியம், தலைவலி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். சிவகாசியில் இறங்கி மினி பஸ் மாறி ஊர் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

பள்ளிக்கூடம் காலி. பெரிய டீச்சர் வீட்டுக்குப் போயிருந்தார். தெருவில் நடந்தேன். இரண்டு வீடு தாண்டும் முன்பே மைதா பசை மணம் வந்தது.

ஒரு வீட்டு நடையில் கார்த்திகா உட்கார்ந்து, பக்கத்து வீட்டு அம்மாளோடு காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். வெடிக்கு உறையாகும் குழாய். குச்சியில் காகிதத்தைச் சுற்றி, பசை தடவி, உருவி எடுத்து வரிசையாக வைத்திருந்தாள். அவள் கை பழகிய கைபோல அவ்வளவு வேகமாக ஓடியது.

என்னைக் கண்டதும் கையைப் பாவாடையில் துடைத்தாள். "சும்மா வெளையாட்டுக்கு டீச்சர்" என்றாள்.

வீட்டில் வைத்துப் பிள்ளைகளை வேலைக்கு உட்கார வைக்கும் பழக்கத்தை அந்த ஊர் விட்டே பல வருடம் ஆகியிருந்தது. விட்டது என்றால் தானாகப் போகவில்லை. எனக்கு முன்னால் இருந்த டீச்சர்கள் வீடு வீடாக ஏறி இறங்கி விட வைத்தது. நான் பந்தலில் மூன்று நாள் உட்கார்ந்ததற்கு இதுதான் பலன் என்றால் அந்தக் கைதட்டு எனக்கு வேண்டாம். அப்போதே யாரிடமாவது கத்த வேண்டும் போலிருந்தது. யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

ஆலை வேன் வந்து மாரீஸ்வரி இறங்கினார். கை, முகமெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி மினுக்கியது.

"வாங்க டீச்சர். சாப்பிட்டீகளா?"

"மாரீஸ்வரி, எனக்காகவா பிள்ளைகளை நிப்பாட்டுனீங்க?"

"ஒங்களுக்காகவா? யாரு சொன்னா?" என்று முழித்தார். பிறகு முகம் இறுகியது. "பெரிய டீச்சர் புள்ளைகளை உள்ள வச்சுப் பூட்டிட்டாக டீச்சர்."

இடி விழுந்த மதியம்

நடந்தது இதுதான். முந்தின நாள் மதியம் மேகம் கறுத்து இடி இடித்திருக்கிறது. இடி மின்னல் என்றால் பட்டாசு ஆலையில் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்றிவிடுவார்கள். மாரீஸ்வரியும் ஐந்தாறு பெண்களும் வீட்டுக்கு நடந்து வரும் வழியில் பள்ளிக்கூடத்தைப் பார்த்திருக்கிறார்கள். வெளி கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டு. வகுப்பறைக் கதவு சாத்தி, உள்ளே தாழ்ப்பாள். உள்ளே பிள்ளைகள் சத்தம்.

"கதவைத் தெறங்கன்னு கத்துனோம். தெறக்கல. ஜன்னலையும் சாத்திட்டாக. புள்ளைக சத்தமும் நின்னு போச்சு. எனக்கு ஈரக்கொலை நடுங்கிருச்சு. கூட வந்த ராமலச்சுமி கேட்டு மேல ஏறிக் குதிச்சு, கதவை ஒடைக்கப் போயிட்டா. அப்பறந்தான் தெறந்தாக."

"மழைக்குச் சாத்தியிருப்பாங்க" என்றேன்.

"மழைக்குச் சாத்துனா பூட்டு எதுக்கு டீச்சர்? உள்ள ஆளு இருக்கைல யாராச்சும் பூட்டுவாகளா?" என்றார். முந்தானையால் கைப்பொடியைத் துடைத்தார். "கம்பெனி வெடிச்ச அன்னைக்கு எங்க அக்கா சாத்துன கதவுகிட்டதான் செத்துக் கெடந்தா" என்றார் பிறகு.



நான் அந்தப் பள்ளிக்கு வந்த புதிதில் ஒரு மழை நாள் நினைவுக்கு வந்தது. சாரல் அடிக்கிறதே என்று வகுப்பறைக் கதவைச் சாத்தினேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து போய்த் திறந்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தது. மறுபடி சாத்தினேன், மறுபடி போய்த் திறந்தது. அதட்டினேன். "உள்ள ஆளு இருக்கோம்ல டீச்சர்" என்றது, எனக்குத்தான் விவரம் பத்தாது என்பதுபோல.

வெடி செய்யும் அறைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கதவுகள் இருக்கும். ஆள் இருக்கும்வரை எந்தக் கதவையும் சாத்த மாட்டார்கள். பொறி பட்டால் யோசிக்க நேரமில்லை, ஓடத்தான் நேரம். அந்த ஊரில் பகலில் வீட்டுக் கதவைக்கூட யாரும் சாத்திப் பார்த்ததில்லை. இதை எனக்கு அந்த ஒன்றாம் வகுப்பு சொல்லிக்கொடுத்தது. பெரிய டீச்சருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

"ஒங்க ஆளுகன்னு நெனச்சேன்"

பெரிய டீச்சர் சிவகாசி டவுனில் குடியிருந்தார். நேராக அங்கே போனேன். கண் வீங்கியிருந்தது.

"நான் பூட்டுனது புள்ளைகள அடைக்கதுக்கா சாந்தி? ஒங்க ஆளுக உள்ள வந்துரக் கூடாதுன்னுல்லா பூட்டுனேன்."

முன்பு ஒரு வேலைநிறுத்தத்தில், வேறு ஊரில், பள்ளியைத் திறந்து வைத்ததற்காகச் சங்கத்துக்காரர்கள் சிலர் வகுப்புக்குள் வந்து பிள்ளைகள் முன்னால் அவரை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டார்களாம். அந்த அவமானம் அவருக்குள் அப்படியே இருந்தது.

"கூட்டமா வந்து கதவைத் தெற தெறன்னு கத்துனா நான் என்னன்னு நெனப்பேன்? ஒங்க ஆளுகன்னு நெனச்சேன். புள்ளைகள பெஞ்சுக்கு அடியில உக்காருங்க, மூச்சு விடாதீங்கன்னு சொல்லிட்டேன்."

வெளியே தாய்மார்கள் உள்ளே என்ன ஆயிற்றோ என்று கதறுகிறார்கள். உள்ளே டீச்சர் வெளியே இருப்பது யாரோ என்று நடுங்குகிறார். இரண்டு பக்கமும் காப்பாற்ற நினைத்தது அதே பிள்ளைகளைத்தான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சிரித்தால் தப்பாகிவிடும் என்று தண்ணீர் கேட்டேன்.

அக்காவைப் பற்றி மாரீஸ்வரி சொன்னதைச் சொன்னேன். 

"நாளைக்குப் பூட்டு வேண்டாம் டீச்சர்" என்றேன்.

"அப்பம் ஒங்க சங்கத்து ஆளுக வந்தா?"

"நான் வாசல்ல உக்காந்துக்கிறேன். என்னைத் தாண்டி யாரும் வர மாட்டாக."

வாசலில் ஒரு நாற்காலி

அன்று இரவே மாரீஸ்வரிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில், கேட்டுக்கு வெளியே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். சட்டப்படி நான் வேலைநிறுத்தத்தில் இருந்தேன். சேலையில் சங்க பேட்ஜ் குத்தியிருந்தேன்.

தாய்மார்கள் ஆலை வேனை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். முக்கில் மஞ்சள் வேன் ஆரன் அடித்தது. பெரிய டீச்சர் வந்தார், சங்கிலியையும் பூட்டையும் சாவியோடு மாரீஸ்வரி கையில் கொடுத்தார்.

"எனக்கு ஒங்க ஊரு வழக்கம் தெரியாதும்மா. நான் பயந்துட்டேன்."

மாரீஸ்வரி பூட்டை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, "போ" என்று கார்த்திகாவின் முதுகில் கை வைத்தார். அவள் உள்ளே போனாள். மற்றப் பிள்ளைகளும் போனார்கள். இரண்டு பேர் மட்டும் வரவில்லை. அவர்கள் அதற்குள் மஞ்சள் வேனில் ஏறியிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து தங்கப்பாண்டி சார் பைக்கில் வந்து இறங்கினார், ஆதரவு கொடுத்த ஊரைப் போட்டோ எடுக்க. திறந்த கேட்டைப் பார்த்து, உள்ளே பாட்டுச் சத்தத்தைக் கேட்டு அவர் முகம் போன போக்கு இன்னும் மறக்கவில்லை.

"என்ன டீச்சர் இது? பந்தல்ல ஒங்களுக்குக் கைதட்டுனோம். இங்கன வாட்ச்மேன் வேலை பாக்கீக?"

"ஆதரவெல்லாம் இல்ல சார். பூட்டுனதுக்குப் பயந்து கூட்டிட்டுப் போயிருக்காங்க. நான் இன்னும் போராட்டத்துலதான் இருக்கேன்."

"பந்தல்ல உக்காந்தாத்தான் போராட்டம். இங்கன உக்காந்தா யாருக்குத் தெரியும்?"

"எங்களுக்குத் தெரியும் சார்" என்றார் மாரீஸ்வரி. "எனக்கு ஒண்ணு கேக்கணும். உள்ள இருக்கிற டீச்சருக்கும் இவுகளுக்கும் சம்பளம் வேறயாமே? ரெண்டு பேருக்கும் ஒரே வேலைதான?"

தங்கப்பாண்டி சார் தேதிக் கதையைச் சொன்னார். மாரீஸ்வரி முழுக்கக் கேட்டார்.

"சேந்த தேதிக்கா கூலி? எங்க கம்பெனியில நேத்துச் சேந்தவளும் பத்து வருசமா இருக்கிறவளும் பின்னுன சரத்துக்குத்தான் வாங்குறோம்."

"இதைத்தாம்மா நாங்க பந்தல்ல கத்திக்கிட்டு இருக்கோம்!"

"எங்ககிட்ட யாரு சொன்னா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கலெக்டருக்கு மனு கொடுத்தோம், பத்திரிகைக்காரர்களுக்குச் சொன்னோம், ஒருவருக்கொருவர் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டோம். பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் சொல்லத் தோன்றவில்லை. எனக்குக் கூச்சமும் இருந்தது. குறைச்சல் என்று நான் சொல்லும் சம்பளமே அவர்கள் கூலியைவிடப் பெரியது.

மாரீஸ்வரிக்கு அது புரிந்துவிட்டது போல. "எங்களவிட நெறயாத்தான் வாங்குறீக, தெரியும். அதுக்காகப் பெரிய டீச்சரவிடக் கொறச்சுக் குடுக்கலாமா?" என்று சொல்லிவிட்டு, அரை நாள் கூலியாவது கிடைக்கும் என்று மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு வேகமாக நடந்தார்.

தங்கப்பாண்டி சார் பைக்கைத் திருப்பினார். "சரி, இருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். போட்டோ எடுக்கவில்லை.

போராட்டம் முடியும்வரை அந்த நாற்காலியில்தான் இருந்தேன். மிகக் கஷ்டமான நேரம் எது என்றால், கார்த்திகா வகுத்தல் கணக்கோடு கேட்டுக்கு வந்து நின்ற நேரம்தான்.

"இது வரலை டீச்சர்."

"பெரிய டீச்சர்கிட்டக் கேளு. நான் ஸ்ட்ரைக்."

"கணக்குக்குமா ஸ்ட்ரைக்?"

பெரிய டீச்சரே வெளியே வந்து, கேட்டுக்கு உள்பக்கம் நின்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்ன முறை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் கருவேல மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிடைத்தது

வேலைநிறுத்தத்தை வாபஸ் வாங்கினோம். கோரிக்கையைப் பரிசீலிக்கக் குழு போடுவதாகச் சொன்னார்கள். உட்கார்ந்த நாட்களுக்குச் சம்பளப் பிடித்தம் மட்டும் குழு எதுவும் இல்லாமல் உடனே நடந்தது.

வகுப்புக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் மாரீஸ்வரி வந்தார்.

"கேட்டது கெடச்சுதா டீச்சர்?"

"இல்ல மாரீஸ்வரி. குழு போட்டிருக்காங்க."

"அப்ப மறுபடி உக்காரணும்ல?"

"உக்காரணும்."

"சீசன் இல்லாத மாசமாப் பாத்து வைங்க" என்றார்.

சங்கத்தில் இதைச் சொன்னேன். "பட்டாசு சீசன் பாத்தா டீச்சர் போராட்டம் நடத்துவாக?" என்று எல்லோரும் சிரித்தார்கள். தங்கப்பாண்டி சார் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த போராட்டம் தீபாவளியெல்லாம் முடிந்து, ஆலைகளில் ஆர்டர் குறைந்திருந்த ஒரு மாதத்தில் வந்தது. அது தற்செயலா, தங்கப்பாண்டி சார் போய்ப் பேசினாரா என்று கேட்டுப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. தேதி தெரிந்ததும் நான் முதலில் மாரீஸ்வரிக்குத்தான் போன் செய்தேன். விருதுநகருக்கு எந்தப் பஸ்ஸில் வர வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் வேண்டாம் டீச்சர்" என்று குறுக்கிட்டார். "கம்பெனி வேனைக் கேட்டுட்டோம். நாங்க பாதிப் பேரு வர்றோம், மீதிப் பேரு பள்ளிக்கூட வாசல்ல உக்காந்துக்கிடுவாக. நீங்க நேரா பந்தலுக்கு வந்துருங்க."